ஊரில் தொழிற்பேட்டை: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை

அண்ணாச்சிமார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

துபாய் அண்ணாச்சி போன வாரம் எழுதிய மடலை இரண்டு தடவை படித்தேன். கண்மாய்க்கு மேற்கே ஐந்து ஏக்கர் வாங்கி, ஷெட் போட்டு, வெளியூர்க் கம்பெனி ஒன்றை அழைத்து வரலாம் என்கிறார்கள். ஊர் மேல் அவர்களுக்குள்ள பாசம் எனக்கும் உண்டு. ஆனால் நம் சிவகாசிப் பக்கத்தில் தொழில் அப்படி வந்ததில்லை.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி வேலை கற்று, மறு வருடம் சிவகாசி திரும்பினார்கள். அந்த வேலை இங்கே பிடித்துக்கொண்டதற்கு நம் வறட்சி ஒரு முக்கியக் காரணம். மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் கைக்கு வேலை கிடையாது. அதே காய்ந்த வெயில், மருந்தில் முக்கியெடுத்த குச்சி உலர்வதற்குத் தோது. குச்சிக்கான மரம்கூடக் கேரளாவிலிருந்துதான் வந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. அச்சகம் இருந்ததால் காலண்டரும் டைரியும் வந்தன. பிளேட் போட ஒருவர், அச்சடிக்க ஒருவர், லேமினேஷனுக்கு அடுத்த தெரு, பைண்டிங்குக்கு அதற்கடுத்த தெரு. எல்லா மெஷினையும் ஒரே முதலாளி வாங்கிப் போட வேண்டியதில்லை. மெஷின் நின்றால் சரிபார்க்கும் ஆள் சைக்கிள் தூரத்தில் இருப்பார். இந்த அக்கம்பக்கத்தை எந்த மானியத்தாலும் விலைக்கு வாங்க முடியாது.

கெட்டதும் இதே வழியில்தான் வந்தது. வேறு பிழைப்பு இல்லாததால் பிள்ளைகளையும் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். என் அம்மா எட்டு வயதில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போனவர். இதற்காக நடந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2018இல் பட்டாசுக்குக் கட்டுப்பாடு வந்தபோது சுற்றுவட்டாரம் முழுக்க ஆடிப்போனதையும் பார்த்தோம். ஒரே சரக்கை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து அது.

அதனால் என் யோசனை இது. நம் ஊரிலிருந்து தினமும் சிவகாசிக்கு பஸ் ஏறிப் போகிறவர்களில் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். காகிதமும் மையும் அரை மணிப் பயணத்தில் கிடைக்கும். பலகாரக் கடைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் அட்டைப்பெட்டி வருடம் முழுக்கத் தேவைப்படுகிறது. நிலத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அட்டைப்பெட்டி வெட்டும் மெஷின் ஒன்றை நம் ஊர்ச் சங்கத்தின் பேரில் வாங்கிப் பொதுவில் வைப்போம். யார் ஆர்டர் பிடித்தாலும் கூலி கொடுத்து வெட்டிக்கொள்ளட்டும்.

அண்ணாச்சி, நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப் பொங்கல் வரை தள்ளி வையுங்கள். நான் மார்கழியில் ஊருக்குப் போகிறேன். மெஷின் ஓட்டும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டு, விலை விவரத்தோடு எழுதுகிறேன்.