தண்ணீர்மலைப் பூங்காவில் அம்மாவோடு நடக்கலாமா?

கேள்வி: அடுத்த வாரம் கே.எல்-லிருந்து (கோலாலம்பூர்) பினாங்கு வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது, மெதுவாகத்தான் நடப்பார். குரங்கென்றால் பயம். தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்கு எந்த நேரத்தில் போகலாம்?

பதில்: விடிந்ததும் வந்துவிடுங்கள் தம்பி, வெயில் ஏறுவதற்குள் நடந்து முடிக்கலாம். 1884-இல் உருவான பூங்கா. அருவியிலிருந்து இறங்கும் ஆறு ஊடே ஓடுகிறது. வாரத்தில் நாலு நாள் அங்கேதான் நடக்கிறேன். நீளவால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும், பறிக்க வந்துவிடும். போன மாதம் என் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனது. வெறுங்கையோடு நடங்கள், தீனி போடவே போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை மனிதரிடம் பறிக்கப் பழகின.

லோத்தோங் என்ற இலைக்குரங்கு வேறு ரகம், சாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும். குட்டி மட்டும் பொன்னிறம்! சாம்பல் நிறத் தாயின் வயிற்றில் அது ஒட்டிக்கொண்டிருப்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள், பயம் குறையும். நாகலிங்க மரத்தையும் விடாதீர்கள். அடிமரத்திலேயே பூக்கும்.

இன்னொரு பதில்: ஆற்றங்கரையில் உடும்பு படுத்திருக்கும், விலகி நடந்தால் போதும். தண்ணீர்மலை முருகன் கோயிலை மறுநாளுக்கு வையுங்கள். 500 படிக்கு மேல், ஒரே நாளில் இரண்டும் என்றால் அம்மாவின் முழங்கால் தாங்காது.

கேட்டவர்: நன்றி அண்ணே. பையைக் காரிலேயே விட்டுவிடுகிறோம்.