கனடாவில் முதல் ரைபிள்: .308-ஆ, 6.5 கிரீட்மோரா?

ஒன்டாரியோ வந்து ஒரு வருடம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஒரே ஒரு ரைபிள்தான் வாங்க முடியும். 1000 கஜத்தில் குறி சுடவும் வேண்டும், மான் வேட்டைக்கும் போக வேண்டும். எந்தக் காலிபர் எடுக்கலாம்?" காலிபர் என்றால் துப்பாக்கி சுடும் தோட்டாவின் அளவும் வகையும்; .308-உம் 6.5 கிரீட்மோரும் அப்படி இரண்டு. பலருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் பி.ஏ.எல் (PAL) உரிமம், அதாவது கனடாவில் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தேவைப்படும் உரிமம். அது இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வாங்க முடியாது. பாதுகாப்பு வகுப்பில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அதிகாரிகளே அவருக்குத் தெரிவிப்பார்கள். அதனால் வீட்டில் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். போரைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் அறிந்த துப்பாக்கி வேறு.

சரி, காலிபருக்கு வருவோம். காகிதத்தில் பார்த்தால் 6.5 கிரீட்மோர்தான் ஜெயிக்கும். குண்டு நீளமாக, ஒல்லியாக இருப்பதால் காற்றை நன்றாகக் கிழித்துப் போகும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில், 1000 கஜம் போவதற்குள் அது ஏறக்குறைய ஆறடி ஒதுங்கும்; .308-இன் வழக்கமான 168 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு எட்டடிக்கு மேல் ஒதுங்கும். சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதையும் 6.5-இல் குறைவு. புதிதாகச் சுடுபவர் உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் குறி தவறப் பெரிய காரணம், ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

இருந்தும் நான் .308 வின்செஸ்டர்தான் சொல்வேன். 1952-இல் வந்த தோட்டா. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். குழலும் 6.5-ஐவிட ரொம்ப நாள் தாங்கும். நாளைக்கு மூஸ் (மானினத்திலேயே மிகப் பெரியது) வேட்டைக்கு வாய்ப்பு வந்தால், 180 கிரெய்ன் குண்டோடு இதையே எடுத்துப் போகலாம்.

இன்னொரு காரணம், கனடாவிலேயே பிறந்த எஃப்-கிளாஸ் போட்டி; ரைபிளைத் தாங்கியில் வைத்து, படுத்தபடி தொலைதூரக் குறி சுடுவது. அதில் எஃப்-டி.ஆர் பிரிவில் .223, .308 ஆகிய இரண்டு காலிபருக்கு மட்டும்தான் இடம். 6.5 வைத்திருந்தால் ஓபன் பிரிவில் போய் விலையுயர்ந்த ரைபிள்களோடு மோத வேண்டும்.

ஒட்டாவா பக்கம் கன்னாட் மைதானத்தில் 1000 கஜம் வரை சுடலாம். அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். நீங்கள் சுட்டதும் குறிப்பலகை கீழே இறங்கும். குழியில் இருக்கும் சக வீரர் குண்டு துளைத்த ஓட்டையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மேலே ஏற்றுவார். அந்தத் தகடு நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி நிற்கும்போது கொடிகளைப் பார்ப்பீர்கள்: அருகில் உள்ள கொடி தொங்கிக்கொண்டிருக்கும், தூரத்துக் கொடி விறைத்து நிற்கும். தூரத்துக் காற்றைக் கவனிக்காமல் சுட்ட இந்தத் தப்பை .308 மன்னிக்காது. அதனால்தான் காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் அதுவே நல்ல வாத்தியார்.

ஆனால் 1000 கஜம் பலகைக்குத்தான், மானுக்கு அல்ல. குண்டு அவ்வளவு தூரம் போக ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். அடிபட்ட உயிர் காட்டுக்குள் எங்கேயோ போய்க் கிடந்து சாகும். நான் 200 கஜத்துக்கு மேல் மானைச் சுடுவதில்லை. அந்தத் தூரத்தில் .308, 6.5, .243 எதுவாக இருந்தாலும் மானுக்கு வித்தியாசம் தெரியாது.

தோள் சிறியவர்கள், உதையே ஒத்துவராதவர்கள் தயங்காமல் 6.5 எடுங்கள். மூஸ் ஆசை இல்லாமல் குறி சுடுவது மட்டும்தான் என்றாலும் அதுவே சரி. எதை வாங்கினாலும் போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) போதும்.

அப்புறம் ஒன்று. போட்டிக்கான மேட்ச் குண்டை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது உடலுக்குள் எப்படி விரியும் என்று நம்ப முடியாது. வேட்டைக்கென்று தனிப் பெட்டி வாங்குங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழாது என்பதால், சீசனுக்கு முன் அந்தப் பெட்டியிலிருந்தே பத்துத் தோட்டா எடுத்து, 100 கஜத்தில் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்துவிட்டுப் போங்கள்.