ஒரே மாவட்டம், மூன்று மண்: வீட்டுத்தோட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

திருவட்டாறு பகுதியிலிருந்து

வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் "என்ன உரம் போடுகிறீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. "உங்கள் மண் எப்படிப்பட்டது?" என்று கேட்பவர்கள் குறைவு. குமரி மாவட்டத்தில் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் விளை (தோட்டம்) சரிவான மேட்டு நிலம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் பலாமரத்தை வேரோடு சாய்த்தபோது, அந்தக் குழியின் பக்கவாட்டில் மண்ணின் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. மேலே ஒரு சாண் அளவுக்குச் சருகு மக்கிய வாசனையுடன் கறுத்த மண்ணும் அதில் பின்னிக் கிடந்த நூல் வேர்களும் இருந்தன. அதன் கீழே முழங்கால் ஆழத்துக்கு வேர்கள் அரிதாக ஓடிய செம்மண்ணும், அதற்கும் கீழே மம்பட்டி பட்டால் கணீரென்று ஒலிக்கும் சரளையும் இருந்தன. செடிகளுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த மேல் சாண்தான். வீடு கட்டும்போது நிலத்தைச் சமப்படுத்தும் இயந்திரம் முதலில் வாரி எடுப்பதும் அதைத்தான். கடைக்கால் தோண்டிய அடிமண் முற்றத்தில் பரப்பப்பட்டு, மேல்மண் எங்கோ அடியில் புதைந்துபோவது எங்கள் ஊரில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் நடக்கிறது. புதிதாக வீடு கட்டவிருப்பவர்கள் மேல்மண்ணைத் தனியாக ஓரிடத்தில் குவித்து வைக்கும்படி வேலை தொடங்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிப் பரப்பிய மண்ணில் மரச்சீனி (மரவள்ளி) வளர்ந்தது; கத்தரியும் வெண்டையும் வளரவில்லை. எனவே மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் அரையடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இவ்வாறு பல இடங்களில் எடுத்ததைக் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ எஞ்சும்வரை குறைத்துக்கொண்டே வந்து நிழலில் உலர்த்த வேண்டும். எருக்குழி அருகிலும், மரத்தடியிலும், அண்மையில் உரமிட்ட இடத்திலும் மாதிரி எடுக்கக் கூடாது.

நாங்கள் சுவரோரத்து மண்ணைத் தனி மாதிரியாகக் கொடுத்தது பெரிதும் பயன்பட்டது. தோட்டத்தின் நடுவில் கார அமில நிலை (pH; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.1 ஆக இருந்தது. சுவரோரத்தில் 8ஐ நெருங்கியது. கட்டுமானத்தின்போது விழுந்த சிமெண்டுக் கலவையே அந்தக் காரத்தன்மைக்குக் காரணம். அங்கே நின்ற கறிவேப்பிலையின் தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது; காரமண்ணில் இரும்புச்சத்து செடிக்கு எட்டுவதில்லை. இரண்டையும் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்திருந்தால், எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர எண் கிடைத்திருக்கும்.

இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் நம் மேட்டு நிலங்களில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மழையோடு கரைந்து கீழிறங்கிவிடுகின்றன. எஞ்சும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நாம் இடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இறுகப் பிடித்துக்கொள்வதால், அது மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டாமல் போகிறது. ஆகவே உரத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இதற்குத் தீர்வாகாது. பரிசோதனை அறிக்கை சொன்ன அளவில் டோலமைட்டை (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக் கல்தூள்) ஈரமண்ணில் கலந்து, சில வாரங்கள் பொறுத்து, அதன் பிறகே சாணி உரம் இட்டோம். பச்சைச் சாணியோடும் யூரியாவோடும் சுண்ணாம்பு சேர்ந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாக வெளியேறிவிடும்.

அதைவிட முக்கியமானது மூடாக்கு. கிளைரிசிடியாத் தழை, வாழைச்சருகு, பலா இலை எனக் கிடைத்ததையெல்லாம் பாத்திகளில் பரப்பினோம். வெறும் செம்மண்ணில் ஆனி மாதத்து மழை நேராக விழும்போது மண் சிதறி, நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேற்பரப்பு இறுகிப்போகும். பிறகு நீர் உள்ளே இறங்காமல் மண்ணையே அரித்துக்கொண்டு ஓடும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அன்னாசி நட்டதும் மண் அரிப்பைத் தடுத்தது. இடைப்பருவத்தில் பாத்திகள் வெறுமையாகக் கிடக்காமல் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் தருணத்தில் அறுத்து மண்ணிலேயே விட்டோம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மூடாக்கு இட்ட பாத்தியிலிருந்தும், வெறுமனே கிடக்கும் ஓரத்திலிருந்தும் உலர்ந்த மண்கட்டி ஒவ்வொன்றை எடுத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீருக்குள் இட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஓரத்து மண்கட்டி உடனே உடைந்து நீர் செம்பழுப்பாகக் கலங்கியது. பாத்தி மண்கட்டியோ சிறு குமிழிகளை விட்டபடி, உருக்குலையாமல் நெடுநேரம் நின்றது. மக்கிய பொருளும், வேர்களும், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் துகள்களைப் பிணைத்திருப்பதே இதற்குக் காரணம். எந்த உரக்கடையிலும் இந்தப் பிணைப்பை விலைக்கு வாங்க முடியாது.

குளச்சல் அருகிலிருந்து

திருவட்டாறு அண்ணாச்சி மேலே எழுதியதைப் படித்தபோது, கடற்கரையில் குடியிருக்கும் நாங்கள் இதற்கு முற்றிலும் மாறாகச் செயல்பட வேண்டியிருப்பதைச் சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டு மண் மணல். அதில் சிப்பித் துணுக்குகள் கலந்திருப்பதால் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. மலைப்பக்கத்து உறவினர்கள் அன்போடு சொல்லும் சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் இங்கே இட்டால், தளிர்கள் இரும்புச்சத்தின்றி மேலும் வெளிறும். அங்கே மருந்தாவது இங்கே கேடாகிறது.

எங்கள் குறை நீரும் சத்தும் நிற்காமல் இறங்கிவிடுவது. அதனால் உரத்தை ஒரே தடவையில் அள்ளி இடாமல், சிறுகச் சிறுகப் பிரித்து இடுகிறோம். பாத்தியை ஆழமாகத் தோண்டி, கதம்பைகளை (தேங்காய் மட்டைகளை) உட்குழி மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மூடியது நல்ல பலன் தந்தது. அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. முழுவதும் மக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தென்னைநார்க் கழிவையும் பயன்படுத்துகிறோம், ஆனால் மக்க வைத்த பிறகே. பச்சைக் கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1. அதை அப்படியே இட்டால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நன்கு மக்கிய பின் அது 24:1 அளவுக்கு இறங்கும். கடலோரக் கழியின் உப்புநீரில் ஊறிய கதம்பையின் கழிவாக இருந்தால், நல்ல தண்ணீரில் அலசாமல் தொடவே வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது மீன் கழிவு. செதிலும் குடலும் தலையும் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தவை. காய்ந்த சருகை அடுக்குக்கு அடுக்காக இட்டு, நாய் தோண்டாத ஆழத்தில் மக்க வைத்தால் நாற்றமும் இராது. கருவாட்டுக் கழிவை மட்டும் நாங்கள் சேர்ப்பதில்லை; கிணற்று நீரே சில மாதங்களில் உவர்ப்பாகும் இடத்தில் மேலும் உப்பைச் சேர்ப்பது தகாது.

தோவாளைப் பக்கத்திலிருந்து

எங்கள் மனை ஒரு காலத்தில் வயலாக இருந்தது. ஐப்பசியில் சேறாகவும் பங்குனியில் விரல் நுழையும் வெடிப்பாகவும் மாறும் களிமண். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி நீரும், ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்திலும், வண்டல் சில மணி நேரத்திலும் படிந்துவிடும். களித்துகள் படிய அதைவிட நெடுநேரம் ஆகும்; எங்கள் நீர் மறுநாளும் தெளியவில்லை.

இத்தகைய இடத்துக்குப் பலரும் சொல்லும் யோசனை, லாரியில் செம்மண் அடித்து மேலே பரப்புவது. அதில் எனக்கு உடன்பாடில்லை. புதிய மண்ணுக்கும் பழைய களிக்கும் இடையே உள்ள எல்லையில் நீர் தேங்கி வேர் அழுகும். அந்தச் செம்மண்ணும் அண்ணாச்சி சொன்ன அதே அடிமண்தான். கொஞ்சம் மணலைக் களியோடு கலப்பதும் மண்ணை இறுகவே செய்யும். நாங்கள் பாத்திகளை ஒரு முழம் அகல வாய்க்கால்களுக்கு இடையே உயர்த்தி, மக்கிய உரத்தைப் பழைய மண்ணோடு கலந்து, ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் கால் வைப்பதில்லை என்று வீட்டில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பசுந்தாள் உரப்பயிரான சணப்பையை விதைத்து மடக்கி உழுத பாத்திகளில் மம்பட்டி இப்போது எளிதாக இறங்குகிறது. வாழைக்காக ஒதுக்கிய தென்மூலை மட்டும் இன்னும் இறுக்கமாகவே இருப்பதால், அடுத்த பருவத்திலும் அங்கே சணப்பையே விதைப்போம்.