தலையைத் திருப்பினால் முழங்கை மடங்குகிறது: ஏ.டி.என்.ஆர். (தலை திரும்பினால் கை தானாக அசையும் கைக்குழந்தைப் பருவ அனிச்சை) போகவில்லையா?

கேள்வி:
7 வயதுப் பையன், வலக்கைப் பழக்கம். பென்சிலை நெரித்துப் பிடிக்கிறான். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்தெல்லாம் மேடாகத் தட்டுப்படுகிறது. நோட்டை முக்கால்வாசி குறுக்காகத் திருப்பி வைத்துத்தான் எழுதுவான். மண்டியிட்டுக் கையூன்ற வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பினேன். இடது முழங்கை மடங்கியது. என்ன பயிற்சி தரலாம்?

பதில் (பிசியோ):
பயிற்சிக்கு முன் சோதனையைச் சரியாகச் செய்து பாருங்கள். மணிக்கட்டுக்கு நேர் மேலே தோள் இருக்கட்டும். முழங்கை நீண்டிருக்க வேண்டும், ஆனால் பூட்டியது போல விறைத்திருக்கக் கூடாது. பூட்டிக்கொண்டால் மடங்குவது வெளியே தெரியாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தலையை நீங்களே மெதுவாகத் திருப்பி, 5 நொடி நிறுத்தி, நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் திருப்புங்கள். பக்கத்துக்கு நான்கைந்து தடவை. முகம் திரும்பிய பக்கத்துக்கு எதிர்க் கை மட்டும், ஒவ்வொரு தடவையும் மடங்கினால் கணக்கில் கொள்ளலாம். இரண்டு கையும் தளர்ந்தால் அது தோள் வலுக்குறைவாக இருக்கலாம். லேசான மடக்கம் நன்றாக வளரும் பிள்ளைகளிடமும் இந்த வயதில் உண்டு.

பதில் (ஆக்குபேஷனல் தெரபி):
கைக்குழந்தை முகம் திருப்பிய பக்கத்துக் கையை நீட்டும், பின்னந்தலைப் பக்கத்துக் கையை மடக்கும். இதுதான் ஏ.டி.என்.ஆர்., சுமார் 6 மாதத்தில் அடங்கிவிடும். மிச்சமிருந்தால், வலப்பக்கத் தாளைப் பார்க்கும்போது வலக்கை நீளப் பார்க்கும். அதை அடக்கத்தான் பிள்ளை பென்சிலை இறுக்குகிறது என்று விளக்குவார்கள். காரணம் எதுவானாலும் இதை இன்றே செய்யலாம்: நோட்டு உடம்புக்கு நேர் நடுவில், சுமார் 20 டிகிரி சாய்பலகை மேல், பாதம் தரையில் பதிய வேண்டும், கரும்பலகைக்கு நேரெதிரே இடம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும்.

பதில் (குழந்தை நரம்பியல்):
பயிற்சிக்குச் சான்று உண்டு, ஆனால் மெலிது. 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெல்ஃபாஸ்ட் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய 60 பிள்ளைகள். கைக்குழந்தை அசைவுகளை ஓராண்டு செய்த குழுவில் ஏ.டி.என்.ஆர். குறைந்தது, வாசிப்பும் கூடியது. அதை வைத்து எல்லாக் கற்றல் சிக்கலுக்கும் இதுவே மருந்து என்று விற்பவர்களை நம்பாதீர்கள். கண் பரிசோதனை முடிந்ததா? ஒரு பக்கம் மட்டும் விறைப்பு, நுனிக்கால் நடை, 1 வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தியது, வந்த திறமை மறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி தொடங்காமல் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் (பிசியோ):
மறுபடி சோதிக்கும்போது முழங்கை உயரத்தில், பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள். தலையைப் பிடித்திருக்கும்போது முழங்கையைக் கவனிக்க முடியாது.