43 வயதில் கிற்றார்: நைலோன் தந்தியா, உருக்குத் தந்தியா?

உறவுகளே, கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன். சிறுவயதில் மிருதங்க வகுப்பிலிருந்து தப்பி ஓடியதைத் தவிர இசையோடு எனக்கு வேறு உறவில்லை. இப்போது கிற்றார் பழக ஆசை வந்துவிட்டது.

மைத்துனரின் பழைய உருக்குத் தந்திக் கிற்றாரை ஒரு மாதம் வைத்திருந்தேன். தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன; அழுத்தி அழுத்தி இடக்கை விரல் நுனிகள் கன்றிப்போயின. ஜி, டி, சி கோர்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடிகள்) ஓரளவு வருகின்றன. சுட்டுவிரலால் ஆறு தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் எஃப் மட்டும் பிடிகொடுக்கவேயில்லை. போதாக்குறைக்கு உப்புக்காற்றில் தந்திகள் துருப்பிடித்துவிட்டன. (புதுத் தந்தி மாட்டித்தான் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனர் அல்லவா!)

சொந்தமாக ஒன்று வாங்க 40,000 ரூபா ஒதுக்கியிருக்கிறேன். நைலோன் விரலுக்கு மென்மை என்கிறார்கள். ஆனால் அதன் கழுத்து அகலம். என் விரல்களோ கட்டை. பாடும்போது கூடவே கோர்டு அடிக்கத்தான் எனக்கு விருப்பம். அதற்கு நைலோன் சரிவருமா, அல்லது உருக்குத் தந்தியையே வாங்கி உயரத்தைக் குறைப்பிக்கலாமா? பழையது வாங்கினால் கழுத்து வளைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில், ஞாயிறு மாலையில் தமிழில் சொல்லித்தரும் வகுப்பு இருந்தாலும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்காரவும் சம்மதம், அவர்கள் சிரிக்காவிட்டால்.