ஒரே ஒரு கவுன்சிலரால் இவ்வளவு முடியுமா? சியாட்டில் க்ஷமா சாவந்த் பற்றி ஒரு கேள்வி

வார்டுக்காரன்:

எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று காலையில் வீட்டு வாசலில் போய் நிற்போமே, அந்த ஆள்தான். பெரியம்மா மகள் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறாள். 2023ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து அந்த ஊர் நகரசபை சட்டம் போட்டபோது அவள்தான் செய்தியை அனுப்பினாள். கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த் என்ற கவுன்சிலர். அப்புறம் தேடிப் பார்த்தால் மணிக்கு 15 டாலர் கூலி, அமேசான் மீது வரி என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் வருகிறது. மேயராக இல்லாமல், பெரிய கட்சியிலும் இல்லாமல் ஒரு கவுன்சிலர் இதையெல்லாம் எப்படிச் செய்தார்? கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் அங்கே நகரசபைக்கு இருக்கிறதா? அவர் தமிழர் என்று ஒரு இடத்தில் படித்தேன், சாவந்த் என்பது மராத்திப் பெயராயிற்றே?

மழைநகரம்:

நான் 2012 முதல் ஏழு வருடம் சியாட்டிலில் கேப்பிடல் ஹில் பகுதியில் இருந்தேன், எச்1பி வேலை விசா என்பதால் ஓட்டு கிடையாது, ஆனால் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தமிழர் விஷயம். பிறந்தது 1973ல் புனேயில், தமிழ் பேசும் பிராமணக் குடும்பம், அப்பா சிவில் இன்ஜினியர், அம்மா பள்ளி ஆசிரியை. சாவந்த் என்பது முதல் கணவர் வழியில் வந்த பெயர். பதின்மூன்று வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் அப்பா இறந்துபோனார். மும்பையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, கொஞ்ச நாள் மென்பொருள் வேலை பார்த்து, அமெரிக்கா போன பிறகு அதை விட்டுவிட்டுப் பொருளாதாரம் படித்தார். இவ்வளவு பணக்கார நாட்டில் இவ்வளவு ஏழைகள் ஏன் என்ற கேள்விதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வட கரோலினாவில் முனைவர் பட்டம் வாங்கி, 2006ல் சியாட்டில் வந்து, கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார்.

2012ல் மாநில சட்டசபைக்கு நின்றார், அங்கே சபாநாயகராகவே இருந்த ஃபிராங்க் சாப்பை எதிர்த்து. தோற்றாலும் நூற்றுக்கு 29 ஓட்டு வாங்கினார். அடுத்த வருடமே நகரசபைக்கு நின்றார், எதிரில் பதினாறு வருடமாக அந்த இடத்தில் இருந்த ரிச்சர்ட் கான்லின். முதல் நாள் எண்ணிக்கையில் பின்தங்கிவிட்டதால் முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அங்கே ஓட்டெல்லாம் தபாலில் வரும், எண்ணி முடிக்க நாட்கள் ஆகும், கடைசியில் வருகிற ஓட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு இருக்கும் இளைஞர்களுடையவை. நாளுக்கு நாள் வித்தியாசம் சுருங்கி, ஒரு வாரத்துக்குமேல் கழித்து அவர் ஜெயித்தார்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அங்கே நகரசபையில் மொத்தமே ஒன்பது பேர். ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊருக்கு ஒன்பது பேர்! சென்னையில் 200 வார்டு, 200 கவுன்சிலர். அதனால் அங்கே ஒருவர் கையில் இருக்கும் ஓட்டுக்கு எடை அதிகம். வாஷிங்டன் மாநிலத்தில் நகரங்கள் தங்கள் எல்லைக்குள் குறைந்தபட்சக் கூலியை மாநிலம் வைத்ததைவிட உயர்த்தலாம், சில வரிகளும் போடலாம். பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கும் சீடாக் என்ற சின்ன ஊரில் 2013லேயே மக்கள் ஓட்டெடுப்பில் விமான நிலைய, ஓட்டல் தொழிலாளிகளுக்கு 15 டாலர் வந்துவிட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சாவந்த் பதவிக்கு வந்தார்.

வந்ததும் என்ன செய்தார் என்றால், சபைக்குள் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை, வெளியே ஒரு இயக்கத்தை நடத்தினார். நீங்கள் சட்டம் போடாவிட்டால் கையெழுத்து வாங்கி நேரடியாக மக்கள் ஓட்டுக்கே கொண்டுபோவோம் என்று மிரட்டல். இன்னொரு பக்கம் மேயர் எட் மரே தொழிற்சங்கத்தையும் முதலாளிகளையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தார். 2014 ஜூனில் ஒன்பதுக்கு ஒன்பது ஓட்டில் சட்டம் நிறைவேறியது. பெரிய நிறுவனங்களுக்குச் சில வருடம், சின்னவர்களுக்கு 2021 வரை அவகாசம். இந்த அவகாசம் அவருக்குப் பிடிக்கவில்லை, திருத்தம் கேட்டார், கிடைக்கவில்லை, இருந்தும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2025ல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20.76 டாலர்.

நான் ஒரு தடவை சபைக் கூட்டம் பார்க்கப் போனேன், உட்கார இடமில்லை. சிவப்பு அட்டை பிடித்துக்கொண்டு உணவகத் தொழிலாளிகள், வாடகைக்காரர்கள், மாணவர்கள். நம் ஊர் மாமன்றக் கூட்டத்தைப் பார்க்க யாராவது போவார்களா? அங்கே அவர்கள் வந்ததால்தான் மற்ற எட்டுப் பேரும் அசைந்தார்கள் என்று நான் நம்புகிறேன். சம்பளம் ஒரு லட்சம் டாலருக்கு மேல், அதில் 40,000 மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போராட்ட நிதிக்குக் கொடுத்துவிடுவார்.

கணக்குப்பிள்ளை:

மழைநகரம் சொன்னதில் உண்மைகள் சரி, எனக்கு அவர் மீது மரியாதையும் உண்டு, ஆனால் ஒரே பக்கம் எழுதியிருக்கிறார். வெளியே கூட்டம் சேர்த்தால் போதும் என்றால் 2018ல் நடந்தது என்ன? வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டப் பெரிய நிறுவனங்கள் ஊழியர் ஒருவருக்கு வருடம் 275 டாலர் கட்டவேண்டும் என்று மே மாதம் ஒன்பது பேரும் ஓட்டுப் போட்டார்கள். நடுவிலேயே அமேசான் கட்டிட வேலையை நிறுத்துவோம் என்றது, இரும்பு வேலைத் தொழிலாளிகளே சாவந்தின் கூட்டத்துக்கு வந்து அவரைப் பேசவிடாமல் எதிர்த்தார்கள், ஒரு மாதம்கூட ஆகாமல் அதே சபை 7க்கு 2 என்று சட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டது. திரும்ப வாங்காதே என்று நின்ற இருவர் சாவந்தும் தெரேசா மஸ்கேடாவும்.

இரண்டு வருடம் கழித்து பெரிய கம்பெனிகள் கொடுக்கும் பெரிய சம்பளங்கள் மீது வரி வந்ததே, 2020 ஜூலையில், அதை எழுதி நிறைவேற்றியது மஸ்கேடா. ஆளாளாகப் போய்ப் பேசி ஏழு ஓட்டு சேர்த்தார். தெருவில் சாவந்த் கொடுத்த நெருக்கடி உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அறைக்குள் உட்கார்ந்து கை சேர்க்கிற வேலையும் வேலைதான், அதைச் செய்தவரை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றதை எதிர்த்த 2020 போராட்ட நாட்களில் ராத்திரி நகரசபைக் கட்டிடத்தைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டது, மேயர் வீட்டுக்கு ஊர்வலம் போனது, அமேசான் வரிப் பிரச்சாரத்துக்கு அலுவலகப் பணத்தைச் செலவு செய்தது என்று குற்றச்சாட்டு வந்து, அவரைப் பதவியிலிருந்து இறக்குவதா என்று ஒரு தேர்தலே நடந்தது. பணம் செலவு செய்ததற்கு அபராதமும் கட்டினார். 2021 டிசம்பர் 7ல் நடந்த அந்தத் தேர்தலில் 41,000 பேர் ஓட்டுப் போட்டு, முந்நூறு சொச்சம் ஓட்டில் தப்பித்தார்.

மழைநகரம்:

@கணக்குப்பிள்ளை மஸ்கேடாவை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நகரசபைத் தேர்தலில் வணிகர் சங்கத்தின் தேர்தல் நிதிக்கு அமேசான் ஒன்றே கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் நாள் ராத்திரி சாவந்த் எட்டு சதவீதம் பின்னால். கடைசியில் ஜெயித்தார். நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய வாரம் அது.

தாமிரபரணி:

சாதிச் சட்டத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். 2023 பிப்ரவரி 21, ஓட்டு 6க்கு 1. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். வேலை, வீடு, பொது இடங்களில் சாதி பார்த்துப் பாகுபாடு காட்டினால் இனப்பாகுபாடு மாதிரியே புகார் கொடுக்கலாம். இதற்காகப் பல வருடம் உழைத்தவர் தேன்மொழி சௌந்தரராஜன், தமிழ்நாட்டு வேர் உள்ள தலித் பெண். எதிர்த்தவர்களும் நிறைய, இந்து அமெரிக்க அமைப்பு இது தங்களைத் தனியாகக் குறிவைக்கிறது என்றது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டசபை இதே போல் மசோதா நிறைவேற்றியும் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்து அதை நிராகரித்துவிட்டார்.

சாவந்த் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணைத் தாத்தா சாதி வசைச்சொல்லால் கூப்பிடுவாராம். ஆறு வயதுப் பேத்தி ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, நீ ரொம்பப் பேசுகிறாய் என்றாராம். நம்மில் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கும், எத்தனை பேர் கேட்டோம்? நான் கேட்கவில்லை.

வார்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது பேர்தான் என்ற கணக்கு எனக்குத் தெரியாது, அது தெரிந்ததும் பாதி புரிந்துவிட்டது. இன்னொரு கேள்வி. அக்கா வேலை செய்வது பெல்வியூவில். அவளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

தாமிரபரணி:

பொருந்தாது தம்பி. பெல்வியூ ஏரிக்கு அந்தப் பக்கம் தனி நகரம், அதற்குத் தனி நகரசபை. மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டும் அப்படித்தான். சியாட்டில் எல்லைக்குள் வேலை என்றால் மட்டும் அந்த நகரத்தின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பெல்வியூவில் யாராவது ஒரு கவுன்சிலர் கொண்டுவரவேண்டும்.