பேய்ப்பட ட்ரெய்லர் வெட்டுபவர்களுக்கு: எது பயமுறுத்துகிறது, எங்கே சொதப்புகிறது? (அனுபவப் பகிர்வு)

கட்டிங்டேபிள்

பேய்ப்பட ட்ரெய்லர் என்றதும் எல்லோரும் கடைசி 20 விநாடி மான்டேஜில் (வேகமாக மாறும் ஷாட்களின் தொகுப்பு) போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கஷ்டமான வேலை அதற்கு முந்தைய ஒன்றரை நிமிடத்தில் இருக்கிறது. அங்கே பார்ப்பவருக்கு ஒரு விதியைச் சொல்லித்தர வேண்டும். அந்த விதி மீறப்படும் இடத்தில்தான் பயம் வரும்.

இதற்கு 'தி கான்ஜுரிங்' (2013) டீசரை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். கைதட்டி ஒளிந்துவிளையாடும் ஆட்டம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தேடுவார், ஒளிந்திருப்பவர் தட்டிக் காட்ட வேண்டும். முதலில் அது தாயும் பிள்ளையும் ஆடும் ஆட்டம், அவ்வளவுதான். பிறகு அதே தாய் இருட்டு நிலவறையில் தீக்குச்சி உரசுகிறாள், தலைக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் வந்து தட்டுகின்றன. பேயின் முகம் கிடையாது, கதை கிடையாது. விதி ஒரே வரியில் முடிந்துவிட்டதால் விளக்கத்துக்கென்று ஒரு ஷாட்கூட வீணாகவில்லை.

எனவே மெட்டீரியலைப் பார்க்கும்போது முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்: படத்தில் சத்தம் எழுப்பும் சின்னச் சின்னப் பொருட்கள், பழக்கங்கள். கைதட்டல், கதவுத் தாழ், 'ஹெரிடிட்டரி'யில் (2018) அந்தப் பெண் நாக்கைச் சொடுக்குவது போல. அதில் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று முறை வையுங்கள். முதல் முறை சாதாரணமாக, இரண்டாவது முறை சந்தேகத்தோடு, மூன்றாவது முறை அது வரவே கூடாத இடத்தில். நான்காவது முறையும் வைத்தால் அது அலாரம் மாதிரி ஆகிவிடும், சக்தி போய்விடும்.

ஷாட் நீளம் பற்றி: விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், தொடக்க ஷாட்கள் 72 முதல் 120 ஃபிரேம் வரை நிற்கட்டும். பார்ப்பவர் போய்விடுவார் என்ற பதற்றத்தில் 30, 40 ஃபிரேமில் வெட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இருட்டு மூலையில் ஏதாவது நிற்கிறதா என்று கண் தானாகத் தேட நேரம் வேண்டும். அந்தத் தேடல்தான் பதற்றம். கடைசி மான்டேஜில் 10, 8, 8, 6 என்று இறங்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஷாட்டை 30 ஃபிரேம் நிறுத்துங்கள். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் காது தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த வெட்டு எப்போது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

ஒலிப்பெட்டி

மேலே சொன்னதை ஒலிப் பக்கமிருந்து தொடர்கிறேன். 'ஹிட்' (திடுக்கிட வைக்கும் திடீர்ச் சத்தம்) பத்தவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு லெவலை, அதாவது ஒலி அளவை, ஏற்றுவது தீர்வே அல்ல. ஹிட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பெரிய சத்தத்துக்குச் சுமார் 30 முதல் 300 மில்லிவிநாடி முன்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டால், உடல் திடுக்கிடுவது குறைந்துவிடும். உளவியல் ஆய்வில் இதற்குப் 'பிரீபல்ஸ் இன்ஹிபிஷன்' என்று பெயர். 300 மில்லிவிநாடி என்றால் ஏறத்தாழ 7 ஃபிரேம். அதனால் ஹிட்டுக்கு முந்தைய 8 ஃபிரேமில் உள்ள ஒவ்வொரு ஒலித் தடத்தையும் சோலோவில் (மற்றதை மூடி, தனியாக) போட்டுக் கேளுங்கள். தாழ் 'க்ளிக்', துணி உரசல், நடிகர் மூச்சு இழுப்பது என்று ஏதாவது அங்கே ஒளிந்திருக்கும். அதை எடுத்துவிட்டால், லெவலைத் தொடாமலே ஹிட் பாயும். அடுத்தது ஹிட்டின் தொடக்கம். அலைவடிவம் செங்குத்தாக ஏற வேண்டும். எடிட்டர் வசதிக்காக வைத்த 2 ஃபிரேம் ஃபேட்-இன் (ஒலி மெல்ல ஏறித் தொடங்குவது) அப்படியே மிக்ஸுக்கு வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கேயே பாதி போய்விடும்.

ரைசரை (ஏறிக்கொண்டே போகும் ஒலி) ஹிட் வரைக்கும் இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். அது ஏறும்போதே உச்சி எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 24 முதல் 36 ஃபிரேம் முன்னாலேயே வெட்டிவிட்டு, அந்த இடைவெளியில் அறையின் ரூம் டோனை (யாரும் பேசாதபோதும் அறையில் இருக்கும் மெல்லிய ஒலி) மட்டும் விடுங்கள். முழு ஜீரோ போட்டால் தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும், கவனம் படத்தை விட்டு வெளியே போய்விடும். முடிவே இல்லாமல் ஏறுவது போன்ற உணர்வு தேவையென்றால் ஷெப்பர்ட் டோன் இருக்கிறது. ரோஜர் ஷெப்பர்ட் 1964-ல் விவரித்தது. ஆக்டேவ் இடைவெளியில் பல சுருதிகள் சேர்ந்தே ஏறும். மேலே உள்ளது மங்க மங்க, கீழே புதிது நுழையும். வசனத்துக்கு அடியில் 20 விநாடி ஓடட்டும். வெளியே தனியாகக் கேட்டால் வித்தை தெரிந்துவிடும்.

இனி லவுட்னஸ். அமெரிக்கத் தியேட்டர் ட்ரெய்லர்களுக்கு டாசா அமைப்பின் (ட்ரெய்லர் ஒலித் தரங்களுக்கான சங்கம்) வரம்பு 85 எல்இக்யூ(எம்), சத்தத்தை அளக்கும் ஓர் அளவுகோல். இது முழு நீளத்துக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி. அதாவது நீங்கள் மௌனமாக விடும் ஒவ்வொரு விநாடியும், ஹிட்டை இன்னும் சத்தமாக வைக்க உங்களுக்குக் கிடைக்கும் சேமிப்பு. அதோடு இந்த அளவுகோல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஒலியை அதிகமாகக் கணக்கிடும். கீச்சிடும் வயலின் கூட்டம் சேமிப்பைச் சீக்கிரம் தின்றுவிடும், ஆழமான பூம் அவ்வளவு தின்னாது.

இதே மிக்ஸை அப்படியே இணையத்தில் ஏற்றினால் ஏமாற்றம்தான். எல்யூஎஃப்எஸ் (இணையத்தில் சத்தத்தை அளக்கும் அலகு) அளவீட்டில் மிக மெல்லிய பகுதிகள் கணக்கிலிருந்தே விலக்கப்படும். நீங்கள் சேர்த்துவைத்த மௌனத்துக்கு அங்கே மதிப்பில்லை. யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ் அளவை ஒட்டிச் சத்தத்தைக் குறைத்துவிடும். போன் ஸ்பீக்கரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் கேட்காது, ஆகவே ஆழமான பூம் அங்கே காணாமல் போகும். அதன் மேலே 200–400 ஹெர்ட்ஸில் ஒரு அடுக்கு சேருங்கள், அல்லது சாச்சுரேஷன் (ஒலியில் மெல்லிய சிதைவு சேர்ப்பது) கொடுங்கள். தியேட்டருக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு மிக்ஸ் எடுப்பதே சரி.

டிஐ ரூம்

படம் பற்றிச் சுருக்கமாக. இருட்டுப் பகுதிகளை முழுக்கக் கருப்பாக நசுக்காதீர்கள். 8 பிட் வீடியோவில் மங்கலான சுவரும் வானமும் பட்டை பட்டையாக உடையும், இணையக் கம்ப்ரஷன் அதை இன்னும் மோசமாக்கும். மெல்லிய கிரெயின் (ஃபிலிமில் தெரிவது போன்ற மணல் துகள்கள்) போட்டால் குறையும், குறைந்த பிட்ரேட்டில் அந்தக் கிரெயினும் அழிந்துவிடும். இருட்டில் நிற்கும் உருவத்துக்குத் தோளோரம் ஒரு மெல்லிய ஒளிக்கோடு இருந்தால்தான் அது கடைசிவரை தங்கும். ஒப்புதல் தருவதற்கு முன் போனில், பாதி பிரைட்னஸில், வெளிச்சமான அறையில் ஒருமுறை பாருங்கள். உருவமே தெரியவில்லை என்றால் பயப்பட அங்கே ஒன்றுமில்லை.

பழைய ரீல்

கட்டிங்டேபிள் அண்ணே, விதி சொல்லித்தர வேண்டும் என்பதை முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'தி ஷைனிங்' (1980) டீசரில் என்ன விதி இருக்கிறது? அசையாத ஒரே ஷாட். மூடிய லிஃப்ட் கதவுகள், அதன்மேல் பெயர்கள் மெதுவாக ஏறிப் போகின்றன. படிக்க எழுத்து இருப்பதால் மனசு சற்று அமைதியாக இருக்கிறது. எழுத்து தீர்ந்த பிறகும் கேமரா நகரவில்லை. அப்புறம்தான் ரத்தம் பாய்ந்து வருகிறது. ஒரு கட்கூட இல்லாமல் காத்திருப்பு மட்டுமே வேலையைச் செய்கிறது. இதை இன்று செய்யத் துணிபவர் இல்லை என்பதுதான் வருத்தம்.

'ஏலியன்' (1979) ட்ரெய்லரில் ஒரு வரி வசனம் கிடையாது. 'சைக்கோ' (1960) ட்ரெய்லர் 6 நிமிடத்துக்கும் மேல். இயக்குநர் ஹிட்ச்காக் மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். கடைசியில் ஷவர் திரையை இழுத்ததும் அலறுவது படத்தில் அந்தக் காட்சியில் வரும் ஜேனட் லீ அல்ல, விக் வைத்த இன்னொரு நடிகை வீரா மைல்ஸ். படத்தின் பெரிய அதிர்ச்சிக் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமையும் எடுத்துக்கொடுக்காமலே பயத்தைக் காட்டிவிட்டார்கள். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 2009-ல் இன்னொரு வழி பிடித்தது: திரையைவிட, தியேட்டரில் துள்ளும் பார்வையாளர்களை இரவுக் கேமராவில் காட்டியது.

கட்டிங்டேபிள்

ஒப்புக்கொள்கிறேன். ஷைனிங்கில் விதியின் இடத்தில் அந்த எழுத்து இருக்கிறது: எழுத்து ஓடும்வரை ஒன்றும் நடக்காது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அதுவும் ஒரு நம்பிக்கைதான், அது உடைகிற இடம்தான் அடி.

ஒன்று விட்டுப்போனது: டைட்டிலுக்குப் பிறகு வரும் கடைசி ஹிட். டைட்டில் கார்டு மறைந்து ஒரு விநாடியில் ஏதோ பாயும் என்று இப்போது எல்லோருக்கும் மனப்பாடம், தோளை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறது. டைட்டில் முழுதாக ஏறி நிற்பதற்கு முன்பே, அதன் 10-வது, 12-வது ஃபிரேமில் வெட்டி உள்ளே போவது ஒன்று. டைட்டிலுக்குப் பிறகு 4 விநாடி வெறும் கருப்பு விட்டு, தோள் இறங்கியதும் ஆரம்பத்தில் கற்றுக்கொடுத்த அந்தச் சின்னச் சத்தத்தை மட்டும், ஹிட் எதுவும் இல்லாமல், வைப்பது இன்னொன்று. இரண்டாவது வழியை எடுத்தால் ரிலீஸ் தேதி கார்டை அந்தச் சத்தத்துக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் ஆட்கள் அதிலேயே அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.